கீழே விழுந்த கூட்டுப்புழுவுக்கு வேண்டியது தண்ணீர் அல்ல, பிடிமானம்

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: வாசல் தாழ்வாரத்தில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலைச் செடியை வெட்டிவிட்டபோது, பச்சை நிறக் கூட்டுப்புழு ஒன்று கிளையிலிருந்து பிய்ந்து கீழே விழுந்துவிட்டது. ஏழு வயது மகன் அதை எடுத்து, காலித் தயிர் டப்பாவில் பஞ்சு பரப்பிப் படுக்கவைத்து, மூடியில் துளை போட்டு மூடி வைத்திருக்கிறான். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறான். பசிக்குமே என்று இரண்டு கொத்து கறிவேப்பிலையும் உள்ளே போட்டிருக்கிறான். தொட்டால் வாலை ஆட்டுகிறதாம். அது பிழைக்குமா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், இன்னும் என்னவெல்லாம் செய்ய வேண்டும்?

வாலை ஆட்டுகிறது என்றால் உயிர் இருக்கிறது. விழுந்த அடியில் தோல் கீறி நீர் கசியவில்லை என்றால் பிழைக்க நல்ல வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் அந்தத் தயிர் டப்பாவுக்குள் வேண்டாம். இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

விருந்தாளிக்கு இலை போட்டதுபோல உங்கள் மகன் கறிவேப்பிலை வைத்ததைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, மனமும் இளகியது. அவனிடம் சொல்லுங்கள்: அது சாப்பிட்டு முடித்துவிட்டது. புழுவாக இருந்தபோது இரவு பகலாகத் தின்று சேர்த்த சத்தை வைத்துத்தான் இப்போது இறக்கையும் காலும் கொம்பும் செய்துகொண்டிருக்கிறது. தின்பதற்கு வாயும் இப்போது இல்லை. தண்ணீரும் குடிக்காது. ஆனால் மூச்சு விடும். உடலின் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும் சிறு துளைகள் வழியாகத்தான் காற்று போய்வருகிறது. ஈரப் பஞ்சில் படுத்துக் கிடந்தால் அந்தத் துளைகளின் மேல் நீர் நிற்கும், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். பறித்துப் போட்ட இலையும் அழுகி அதற்குத் துணைபோகும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். தாழ்வாரத்திலோ சன்னலோரத்திலோ இருக்கும் கூட்டுப்புழுவுக்கு நாம் தனியாகத் தண்ணீர் தெளிக்க வேண்டியதே இல்லை. இரவு முழுவதும் ஏர்கான் ஓடும் அறையில் வைத்தால்தான் காய்ந்துபோகும் ஆபத்து. அங்கே வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இனி, டப்பா ஏன் கூடாது என்பதற்கு என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஈசூனில் எங்கள் நான்காம் மாடித் தாழ்வாரத்தில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வைத்த புதிதில், நானும் ஒரு கூட்டுப்புழுவை ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்திருந்தேன். சுத்தமான, வழவழப்பான டப்பா. ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு அது வெடித்து வண்ணத்துப்பூச்சி வெளியே வந்தது. பார்த்துவிட்டு, பூரிப்போடு ஈரச்சந்தைக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அது டப்பாவின் அடியில் கிடந்தது. சுவரில் ஏறிச் சறுக்கி, ஏறிச் சறுக்கி, கடைசியில் தரையிலேயே இறக்கை காய்ந்துவிட்டது. கசக்கிப் போட்ட மிட்டாய்த் தாள் போல இரண்டு இறக்கைகளும் சுருண்டு நின்றன. பறக்கவே முடியவில்லை. பன்னிரண்டு நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வைத்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்கு நல்ல தண்டனை.

கூட்டிலிருந்து வெளிவரும் வண்ணத்துப்பூச்சியின் இறக்கை, நனைந்த துணியை மடித்துச் செருகியதுபோல, விரல் நகம் அளவுதான் இருக்கும். உடலிலிருக்கும் நீரை இறக்கை நரம்புகளுக்குள் அழுத்தி அழுத்தி அதை விரிக்க வேண்டும். அதற்கு அது எங்காவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இறக்கை எதன் மேலும் படாமல் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். விரிந்து முடிக்கக் கால் மணி முதல் அரை மணி வரை ஆகும். அதற்குள் தொங்க இடம் கிடைக்கவில்லை என்றால் இறக்கை அப்படியே இறுகிவிடும், பிறகு யாராலும் நிமிர்த்த முடியாது. ஆகவே நாம் செய்ய வேண்டியதெல்லாம் அந்த அரை மணி நேரத்துக்கான ஏற்பாடுதான். மீதி நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும்.

கறிவேப்பிலையில் பார்த்தது என்பதால் உங்கள் விருந்தாளி பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியாக இருக்கும். ஆங்கிலத்தில் காமன் மார்மன் என்பார்கள். எலுமிச்சை அழகியாகவும் இருக்கலாம், கவனிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். இந்தக் குடும்பத்துக் கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்காது. சுமார் 3 சென்டிமீட்டர் நீளம். தலைப்பக்கம் இரண்டு சிறு கொம்புகள். வால் நுனியைக் கிளையில் பட்டுத் திட்டு ஒன்றில் மாட்டிக்கொண்டு, தோளைச் சுற்றி ஒரே ஒரு பட்டு நூலைக் கட்டி, தென்னை மரம் ஏறுகிறவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்திருப்பாரே, அப்படி மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். உங்களுடையதில் அந்த நூல் அறுந்துவிட்டது. அந்தக் கயிற்றுக்குப் பதிலாக ஒரு காகிதக் கூம்பு செய்து கொடுத்தால் போதும்.

கடலை மடித்துத் தருவார்களே, அதேபோல ஆனால் சுண்டுவிரல் அளவில், சாதாரணக் காகிதத்தில் ஒரு பொட்டலம் சுற்றுங்கள். பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டாம். அதன் விளிம்பை வெட்டி, கூட்டுப்புழுவை வால் கீழாகவும் தலை மேலாகவும் இறக்கினால் பாதி உடல் வெளியே நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கித் திணிக்கக்கூடாது, தானாக உட்கார வேண்டும். வயிற்றுப்பக்கம் சுவரை நோக்கி இருக்கட்டும். இந்தக் கூம்பை ஒரு மரக்குச்சியிலோ அட்டைப் பெட்டியின் உட்சுவரிலோ டேப் போட்டு ஒட்டுங்கள். டேப் கூட்டுப்புழுவின் மேல் படக்கூடாது. கூம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்காவது சொரசொரப்பான ஏறுதளம் இருக்க வேண்டும்: சமையலறைக் காகிதத் துண்டு, வலைத் துணி, காய்ந்த கிளை, எதுவானாலும் சரி. கூடு திறந்ததும் அது நேராக மேலே ஏறித் தொங்கிக்கொள்ளும்.

கூம்பு செய்யக் கை நடுங்குகிறது என்றால் இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. வலைக்கூடை ஒன்றின் அடியில் காகிதத் துண்டை விரித்து, சுவரை ஒட்டினாற்போல் கூட்டுப்புழுவைப் படுக்கவைத்துவிடுங்கள். வெளியே வந்ததும் நாலடி நடந்து வலையில் ஏறிவிடும். கூம்பைவிடச் சற்றுக் குறைவுதான் என்றாலும் பலமுறை பலித்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஈ மொய்க்காமல் கவிழ்த்து வைக்கும் வலைக்குடை பேட்டைக் கடைகளில் கிடைக்கிறது. என் வீட்டில் அதுதான் பிரசவ அறை.

எருக்கு மாதிரியான பால் வடியும் செடியில் வளரும் வெந்தய வரியனின் கூட்டுப்புழு விழுந்தால் முறை வேறு. அது வாலால் தலைகீழாகத் தொங்கும் வகை. வால் நுனியில் பட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தால் அந்தப் பட்டைச் சுற்றித் தையல் நூலைக் கட்டித் தொங்கவிடலாம். நூல் உடலை இறுக்கக்கூடாது. பட்டு இல்லை என்றால் மேலே சொன்ன வலைக்கூடைதான். எந்த வகையானாலும், தோல் புதிதாக உரித்து இன்னும் மெத்தென்று இருக்கும் முதல் நாளில் தொடவே வேண்டாம். உடம்பு இறுக ஒரு நாள் விட்டுவிடுங்கள். உங்களுடையது கெட்டியாகிவிட்டதால்தான் விழுந்தும் தப்பித்திருக்கிறது.

வைக்கும் இடம் வெயில் நேராக அடிக்காத, காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். எறும்பு வராமல் பார்ப்பது முக்கியம், கேரங்கா என்கிற செவ்வெறும்பு வந்தால் மிச்சம் வைக்காது. அதற்காக மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், டெங்கிச் சோதனைக்கு வரும் அதிகாரியிடம் வண்ணத்துப்பூச்சிக்காக என்று சொல்லித் தப்ப முடியாது. காலில் வாசலின் தடவினால் போதும். கொசுவத்தி, பூச்சி மருந்து ஸ்பிரே இரண்டும் அந்தப் பக்கமே வேண்டாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைக்கூட வேறு மூலையில் காட்டுங்கள். புளோக்கில் கொசுப்புகை அடிக்கப்போவதாக மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டியிருந்தால், அன்று கூடையைத் தூக்கி உள்ளே வைத்துச் சன்னலைச் சாத்துங்கள். பல்லியையும் மறக்காதீர்கள். வலைக்குள் பல்லி புகும் சந்து இருந்தால், விடியற்காலையில் உங்களுக்கு முன்னால் அது எழுந்திருக்கும்.

எத்தனை நாள்? கறிவேப்பிலை அழகிக்கு நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய பத்து நாள். வெந்தய வரியனுக்கு ஒரு வாரம். நீங்கள் கண்டெடுத்தபோது அதில் எத்தனை நாள் கழிந்திருந்தது என்பது நமக்குத் தெரியாதே, அதனால் இரண்டு வாரம் வரை பொறுத்திருங்கள். இணையத்தில் தேடினால் கூட்டுப்புழுவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லும் குறிப்புகளும் கண்ணில் படும். அவை பனிக்காலம் முழுவதும் கூட்டுக்குள்ளேயே உறங்கும் குளிர்நாட்டு வகைகளுக்காக எழுதப்பட்டவை. இங்கே அப்படிச் செய்தால் கொன்றுவிடுவீர்கள்.

இடையில் நிறம் பற்றி ஒரு பயம் வரும். உங்களுடையது பச்சை. அடுத்தது பழுப்பாக இருந்தால் செத்துவிட்டதாக நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வழவழப்பான பச்சைத் தண்டில் கட்டினால் பெரும்பாலும் பச்சை, சொரசொரப்பான மரத்திலோ தொட்டி விளிம்பிலோ கட்டினால் பழுப்பு. எந்த நிறம் என்று புழு தோலை உரிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பிறகு இடம் மாற்றினாலும் மாறாது. கடைசி நாள்தான் உண்மையான மாற்றம் தெரியும். முந்தின மாலையிலிருந்து கூடு கருத்து, உற்றுப் பார்த்தால் தோலுக்குக் கீழே இறக்கையின் வெள்ளைப் புள்ளிகள் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். வாலை ஆட்டுவதும் நின்றுபோகும். அதுதான் நேரம் வந்துவிட்டதற்கு அறிகுறி.

இறக்கை வடிவம் தெரியாமல் திட்டுத் திட்டாகக் கருத்து, தொட்டால் அமுங்கி, நாற்றமும் வந்தால் அது இறந்துவிட்டது. ஊசி முனை அளவில் வட்டத் துளை இருந்தால் குளவி குடித்தனம் நடத்திவிட்டுப் போய்விட்டது. அரிசிமணியைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் இருக்கின்றன. தோல் உரித்த முதல் சில மணி நேரத்தில், கூடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே வந்து முட்டையிட்டுவிடும். ஒருமுறை என் வலைக்குடைக்குள் ஒரே கூட்டிலிருந்து மினுமினுக்கும் குட்டிக் குளவிகள் புகைபோலக் கிளம்பின. எண்ணிப் பார்க்கத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டேன். அவை நம்மைக் கொட்டாது. மகனுக்கு முதலில் அழுகை வரும், ஆனால் மறைக்க வேண்டாம், காட்டுங்கள். கறிவேப்பிலைச் செடி ஒன்றாவது மிஞ்சி நிற்கிறது என்றால் அந்தக் குளவிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

எல்லாம் நல்லபடி நடந்தால், பெரும்பாலும் காலையில்தான் வெளியே வரும். விடுமுறை நாளாக அமைந்தால் அதிர்ஷ்டம். தலைக்குப் பின்னால் கூடு சட்டென்று வெடிக்கும். முதலில் கால்கள், பிறகு பருத்த ஈர உடம்பு. சில நொடிகளில் முழுவதும் வெளியே வந்துவிடும், கண் சிமிட்டினால் தவறவிடுவீர்கள். அதன் பிறகு நடப்பது மெதுவானது. உறிஞ்சுகுழல் முதலில் இரண்டு தனி இழைகளாக இருக்கும். சுருட்டி நீட்டிச் சுருட்டி நீட்டி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். பையன் இதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கட்டும், ஆனால் மூச்சுக் காற்று படாத தூரத்தில் இருந்து. இறக்கை மேலிருந்து கீழாக நிரம்பிக்கொண்டே வரும். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நீங்கி, கடைசியில் பின் இறக்கையின் வால் நிமிரும். அதே நேரத்தில் சில சொட்டுகள் கீழே விழும். வகைக்கு ஏற்ப மஞ்சளாகவோ பழுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். இரத்தம் அல்ல, கூட்டுக்குள் இருந்தபோது சேர்ந்த கழிவு. அதனால்தான் காகிதத் துண்டு விரிக்கச் சொன்னேன்.

உதவி செய்யத் தோன்றும், கூட்டைப் பிய்த்துவிடத் தோன்றும். வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை நீட்டலாம்: கீழே விழுந்துவிட்டால் உடனே ஒரு குச்சியையோ விரலையோ அதன் கால்களுக்கு முன்னால் வையுங்கள். தானாக ஏறிக்கொள்ளும். அப்படியே நிமிர்த்தி வலையில் ஏற்றிவிடுங்கள். இறக்கையைத் தொடாதீர்கள்.

இறக்கை விரிந்த பிறகும் காய்ந்து உறுதிப்பட இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அது மெதுவாக இறக்கையைத் திறந்து மூடத் தொடங்கியதும் வலையைத் தூக்கிவிடலாம். மழை கொட்டினால் அவசரம் இல்லை. முதல் நாள் உணவும் தேவைப்படாது. நவம்பர், டிசம்பர் மழையில் மறுநாள் காலை வரை வைத்திருந்து விட்டிருக்கிறேன். அதற்கும் மேல் தங்கினால், ஒரு பங்கு சர்க்கரைக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து வையுங்கள், அல்லது கீழே புளோக் ஓரத்தில் இட்லிப்பூச் செடி பூத்திருந்தால் அதில் கொண்டுபோய் விடுங்கள். இட்லிப்பூவை விட்டுப் போக அதற்கு மனமே வராது.

வெளிவருவது கருப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை உள்ளதாக இருக்கலாம். பின் இறக்கையில் வெள்ளைத் திட்டும் சிவப்பும் கொண்டதாக வந்தால் வேறு வகை என்று குழம்பாதீர்கள். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு பிரிவு, நஞ்சுள்ள ரோஜா அழகியைப் போல வேடமிடும், பறவைகள் ஏமாந்து விட்டுவிடும். அந்த ரோஜா அழகிதான் 2015இல் நடந்த வாக்கெடுப்பில் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வானது. வேறுபாடு எளிது: ரோஜா அழகிக்கு உடம்பே சிவப்பு, வேடதாரிக்கு உடம்பு கருப்பு.

மகன் இனிமேல் எதைப் பார்த்தாலும் வீட்டுக்குக் கொண்டுவருவான், அதனால் இதையும் சொல்லிவைக்கிறேன். பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் கூட்டுப்புழுவை எடுக்கவே வேண்டாம். அதன் கட்டு நாம் கட்டும் எந்தக் கூம்பையும்விட உறுதியானது. செடி வெட்டு, சுவருக்குச் சாயம் பூசுவது என்று ஏதாவது வந்து மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கூட்டைப் பிய்க்காமல் கிளையோடு நறுக்கி, அதே சாய்வில் வேறொரு தொட்டியில் செருகுங்கள். இதெல்லாம் சொந்தச் செடிக்கு மட்டும். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் இருப்பதை அங்கேயே விட்டுவிட வேண்டும், எடுப்பது சட்டப்படியும் தவறு. பட்டு நூலால் சுற்றிய, இலையில் பொதிந்த கூடு பெரும்பாலும் அந்துப்பூச்சியுடையது. அதைப் பிரித்துப் பார்க்கக்கூடாது. கழிவறைச் சுவரில் பூசணி விதைபோல ஒட்டிக்கொண்டு நகரும் சாம்பல் நிறச் சிறு பை வண்ணத்துப்பூச்சி அல்ல. அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான், தூசியும் சிலந்தி வலையும் தின்று வாழ்கிறது. அதைத் தாராளமாகக் கூட்டித் தள்ளலாம்.

பறந்துபோனது நம் வீட்டுக்குத் திரும்பி வருமா என்று கட்டாயம் கேட்பான். அதே பூச்சி வருமென்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கறிவேப்பிலை துளிர்த்திருந்தால் ஏதோ ஒரு தாய் தேடிக்கொண்டு வரும். இளம் இலைகளின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: கடுகளவில் வெளிர் மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டியிருந்தால் அது முட்டை. அதிலிருந்து வரும் புழு முதல் சில தடவை தோல் உரிக்கும் வரை பறவை எச்சம் போலவே இருக்கும், துடைத்துவிடாதீர்கள். கடைசியில் பச்சையாகும். அப்போது தலையை மெல்லத் தட்டினால் சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி, ஒரு காரமான வாடையையும் வீசும். அந்த வாரம் ரசத்துக்குக் கறிவேப்பிலையைத் தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள்.